வேண்டியவங்க கூட்டம்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நானும் உன் மாப்பிள்ளையும் சௌக்கியம். அண்ணிக்கு முழங்கால் வலி குறைந்ததா? உன் காதைப் பற்றிக் கேட்கப் போவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போனில் "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். "ஆமா, நேத்தே வந்துட்டாங்க" என்றாய். இருபது வருஷம் மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்தவன் காது வேறு எப்படி இருக்கும். அதனால்தான் கடிதம். இதில் நீ தப்பிக்க முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆராய்ச்சிக்கு இந்த முறை ஆற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் உன் மோட்டாரையும் உன் வாய்க்காலையும் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மழை, பயிர், கரண்ட், தண்ணீர் நான்கையும் தனித்தனியாகப் பார்க்காமல் சேர்த்துப் பார்க்கும் வேலை இது. பயிருக்குத் தண்ணீர் வேண்டும், தண்ணீருக்குக் கரண்ட் வேண்டும், வெயில் கூடினால் இரண்டுமே கூடுதலாக வேண்டும். இதையெல்லாம் ஆபீசில் உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது, அந்தத் தண்ணீரை நம்பி இருப்பவர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேச வேண்டும் என்பது எங்கள் பேராசிரியையின் பிடிவாதம்.

உன்னிடம் கேட்பது இரண்டு. இதோடு வைத்திருக்கும் அழைப்பை மோட்டார் ரூம் கதவில் ஒட்டு. அப்புறம், மோட்டார் தினமும் எத்தனை மணி நேரம் ஓடியது என்று நீ எழுதி வைக்கிறாயே ரெஜிஸ்டர், அது பதினோரு வருஷத்துக்கும் வேண்டும். மூன்று வருஷமாக இந்த ஆராய்ச்சிக்காக நாயாக அலைகிறேன். இது ஒழுங்காக முடிந்தால்தான் என் வேலை நிரந்தரம். அண்ணன் கை கொடுப்பான் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


ஜனவரி 24

அன்புத் தங்கச்சி வாயாடிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். அண்ணி முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாள், வீடே மணக்கிறது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அழைப்பை ஒட்டினேன். ஒட்டியதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. "பங்குதாரர்கள் கூட்டம்" என்று போட்டிருக்கிறாயே, படித்த புள்ளை நீ, யோசிக்க வேண்டாமா? மறுநாள் காலையில் மோட்டார் ரூம் வாசலில் ஒன்பது பேர். "எதுல பங்கு? லாபத்துலயா?" என்று ஒருவர். "நஷ்டம் வந்தா நாங்களும் கட்டணுமா?" என்று இன்னொருவர். தக்காளி போடுகிறவர் ஒருவர், தன் பங்கைத் தன் பெரிய மகன் பேருக்கு எழுதலாமா என்று கேட்டார். வாய்க்கால் முடிகிற இடத்தில், கடைமடையில், நிலம் வைத்திருக்கும் அக்கா மட்டும் எல்லாரும் போகும் வரை காத்திருந்தார். அப்புறம், "தண்ணியே வராத எடத்துல என்னப்பா பங்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அழைப்பைக் கிழித்துவிட்டேன். வேறு வார்த்தை கண்டுபிடி.

உன் அண்ணன்


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். அண்ணியின் தைல வாசனை உன் கடிதத்திலேயே வந்தது.

உன் ஒன்பது பேர் கதையை ஆபீசில் படித்துக் காட்டினேன். பேராசிரியை சிரித்தார், பிறகு யோசனையில் ஆழ்ந்தார். நாங்கள் பத்து வருஷமாகப் போட்டு வரும் வார்த்தை அது. "சம்பந்தப்பட்டவர்கள் கூட்டம்" என்று மாற்றலாமா? எப்படி இருக்கிறது, சொல்.

தக்காளி, தைலம் எல்லாவற்றுக்கும் பதில் எழுதிய நீ ரெஜிஸ்டரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. மறந்திருப்பாய். உங்கள் இன்ஜினியரிடம் அனுமதி வாங்கிவிட்டோம். வியாழக்கிழமை எங்கள் ஆபீசிலிருந்து ஒரு அம்மா வந்து பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொள்வார். மேஜை மேல் எடுத்து வைத்தால் போதும்.

உன் தங்கை


பிப்ரவரி 18

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் நலம். அந்த அம்மா வந்தார், படம் எடுத்தார், போனார். நல்ல மாதிரி. தண்ணீர்கூட வேண்டாம் என்றுவிட்டார்.

"சம்பந்தப்பட்டவர்கள்" வேண்டவே வேண்டாம். போலீஸ் கேஸ் மாதிரி இருக்கிறது. யார் மோட்டாரைத் திருடியது என்று கேட்பார்கள். அண்ணிதான் ஒரு வழி சொன்னாள். "தண்ணி வேணும்னு வர்றவங்க, கரண்ட் வேணும்னு வர்றவங்க, எல்லாரும் வேண்டியவங்கதானே. வேண்டியவங்க கூட்டம்னு போடச் சொல்லுங்க." வேண்டியவங்க என்றால் சொந்தம் மாதிரி ஆகிவிடும், வராமல் இருக்க மாட்டார்கள் என்கிறாள். எனக்கும் சரி என்று பட்டது.

ரெஜிஸ்டரை வைத்து ரொம்ப ஆராய வேண்டாம் அம்மா. சும்மா ஆபீசுக்காக எழுதுவது. என் கையெழுத்தும் நன்றாக இருக்காது.

உன் அண்ணன்


மார்ச் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் நலம். அண்ணியிடம் சொல்: புது அழைப்பு அச்சாகிவிட்டது, பெரிய எழுத்தில், "வேண்டியவங்க கூட்டம்". ஜூன் பதினைந்தாம் தேதி, உங்கள் கூட்டுறவு ஆபீஸ் மாடியில்.

உனக்கு ஒரு நல்ல செய்தி. கையெழுத்தைப் பற்றிக் கவலைப்பட்டாயே, பேராசிரியை உன் ரெஜிஸ்டரைப் பார்த்து அசந்துவிட்டார். பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட விடுபடவில்லை. வேறெங்கும் இப்படி ஒரு பதிவு கிடைக்காது, யார் அந்த ஆபரேட்டர் என்று கேட்டார். என் அண்ணன் என்று சொன்னேன். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கணக்கும் நேராக வந்துவிட்டது. மோட்டார் தினமும் ஆறு மணி நேரம் ஓடுகிறது. அப்படி ஓடினால் கடைசி வயல் வரைக்கும் தண்ணீர் தாராளமாகப் போக வேண்டும். போகவில்லை என்றால் வழியில் வீணாகிறது, அல்லது கடைமடைக்காரர்கள் தேவைக்கு மேல் பயிர் வைக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். அதனால் மோட்டாருக்கு நான்கு மணி நேரக் கரண்ட் போதும், மீதி இரண்டு மணி நேரத்தைக் காய்கறி கெடாமல் வைக்கும் குளிர்கிடங்குக்குத் திருப்பலாம் என்று எழுதப் போகிறோம். கூட்டத்தில் எல்லோரும் சம்மதித்தால் அடுத்த வருஷமே நடைமுறைக்கு வந்துவிடும். எல்லாம் உன் கைவண்ணம்.

உன் தங்கை


ஏப்ரல் 17

அன்புத் தங்கச்சிக்கு,

கடிதம் எழுதத் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. அண்ணிக்குத்தான் முழங்காலில் மறுபடி வீக்கம். டாக்டர் மாடிப்படி ஏறக் கூடாது என்றார். எங்கள் வீட்டில் மாடியே இல்லை, அதனால் அவள் டாக்டர் பேச்சைக் கேட்கிறாள்.

வெயில் மண்டையைப் பிளக்கிறது. மோட்டார் ரூம் தகரத்தில் கை வைக்க முடியவில்லை. கரண்ட் வருகிறது, போகிறது. கடைமடை அக்கா தினமும் வந்து வாசலில் நிற்கிறார். மோட்டார் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறார்.

நான்கு மணி நேரம் என்று முடிவாகிவிட்டதா? கணக்கில் எங்காவது தப்பும் வரலாம் இல்லையா? உங்கள் பேராசிரியை பெரிய படிப்பு படித்தவர், நான் சொல்வதற்கில்லை. இருந்தாலும் இன்னொரு தரம் பார்க்கச் சொல்.

உன் அண்ணன்


மே 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். அண்ணி நன்றாக ஓய்வெடுக்கட்டும். நீ ஒரு மாதம் பாத்திரம் தேய்த்தால் தேய்ந்து போய்விட மாட்டாய்.

நீ சொன்னபடி இன்னொரு தரம் பார்த்தேன். பேராசிரியையிடம் கொடுக்கவில்லை, நானே உட்கார்ந்து பார்த்தேன். பார்த்துக்கொண்டே வரும்போது ஏழு வருஷத்துக்கு முந்தைய பக்கத்தில் என் கல்யாணத் தேதி வந்தது. ஆசையாக நின்று படித்தேன். மோட்டார் ஓடியது: ஆறு மணி நேரம். கீழே உன் கையெழுத்து.

அன்றைக்கு நீ விடிவதற்கு முன்பே மண்டபத்துக்கு வந்துவிட்டாய். நாற்காலி தூக்கினாய். மாப்பிள்ளைக்குப் புதுச் செருப்பு கடிக்கிறது என்று உன் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நாள் முழுக்க வெறுங்காலோடு அலைந்தாய். நான் வண்டி ஏறும்போது இருட்டிவிட்டது, நீ அப்போதும் அங்கேதான் நின்றாய், அழவில்லை என்று சாதித்துக்கொண்டு. உன்னைத் தவிர மோட்டாரைத் தொட வேறு யாருக்கும் சாவி கிடையாது.

அன்றைக்கு யார் ஓட்டினார்கள், அண்ணா? ஞாபகம் இருந்தால் எழுது.

உன் தங்கை


மே 28

அண்ணா,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. அண்ணி எடுத்து, "நல்லாத்தாம்மா இருக்காரு, ஆனா பேச மாட்டேங்கறாரு" என்றார்.

நான் மற்ற பக்கங்களையும் பார்த்துவிட்டேன். புயல் அடித்து நான்கு நாள் கம்பமெல்லாம் சாய்ந்து கிடந்த வாரத்திலும் ஆறு. எல்லா நாளும் ஆறு. எவ்வளவு ஒழுங்கு என்று மெச்சினோமே தவிர, எங்களில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன். நான் அலைந்தது மூன்று வருஷம். ஆனால் உன்னைக் காட்டிக் கொடுத்துவிட்டு எனக்கு எந்த நிரந்தர வேலையும் வேண்டாம். சரிபார்க்கலாம் என்றால் அசல் ரெஜிஸ்டரை எலி தின்றுவிட்டது, வெறும் படத்தை நம்பி எழுத முடியாது என்று பேராசிரியையிடம் சொல்லப் போகிறேன். நான்கு மணி நேரப் பேச்சு அதோடு நின்றுவிடும். யார் மேலும் பழி வராது. நீ எனக்கு ஒன்றும் விளக்க வேண்டாம். சாப்பிடு, தூங்கு, போனை எடு.

உன் தங்கை


ஜூன் 3

அன்புத் தங்கச்சிக்கு,

உன் இரண்டு கடிதமும் சட்டைப் பையிலேயே இருக்கின்றன. எலி தின்றது என்று சொல்லாதே. இந்த மோட்டார் ரூமில் ஒரு பொய் போதும்.

நடந்ததைச் சொல்கிறேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் புது ரெஜிஸ்டர் வந்தது. அதில் ஓடிய நேரம் என்று ஒரு கட்டம், அதற்குப் பக்கத்தில் காரணம் என்று ஒரு கட்டம். ஆறு மணி நேரத்துக்குக் குறைந்தால் காரணம் எழுத வேண்டும். முதல் வாரம் இரண்டரை மணி நேரம்தான் ஓடியது. "கரண்ட் இல்லை" என்று எழுதினேன். எங்கள் மேல் பழி போடுகிறான் என்று கரண்ட் ஆபீசிலிருந்து மெமோ. அடுத்த வாரம் "ஆற்றில் தண்ணீர் குறைவு" என்று எழுதினேன். அதை நீ எப்படிச் சொல்லலாம் என்று எங்கள் ஆபீசிலேயே மெமோ. அப்போது இருந்த இன்ஜினியர் தோளில் கை போட்டுச் சொன்னார், "ஆறுன்னு போட்டுடுப்பா. உனக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி." போட்டேன். நிம்மதியாகத்தான் இருந்தது. கொஞ்ச நாளில் கை தானாக எழுத ஆரம்பித்துவிட்டது. உன் கல்யாணத்தன்று மோட்டார் ஓடவே இல்லை. மறுநாள் காலையில் வந்து, யோசிக்காமல் ஆறு என்று எழுதினேன்.

யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். நீ மார்ச்சில் எழுதியபோதுதான் உறைத்தது. ஆறு என்று பேர் இருக்கும்போதே கோடையில் இரண்டு மணி நேரம்தான் வருகிறது. நான்கு என்று ஆக்கினால் கடைமடைக்கு ஒரு சொட்டு போகாது. அந்த அக்கா தேவைக்கு மேல் பயிர் வைக்கிறார் என்று என் கையெழுத்தை வைத்து நீங்கள் எழுதுவீர்கள்.

நீ என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்ன கடிதத்தை அண்ணியிடம் படித்துக் காட்ட என்னால் முடியவில்லை. போன வாரம்தான் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை. "வேண்டியவங்க கூட்டம்னு பேரு வச்சுட்டு அதுல பொய் சொல்லக் கூடாது" என்றாள்.

கூட்டத்தில் நானே எழுந்து சொல்கிறேன். வேலை போனால் போகட்டும். உன் வேலையும் சேர்ந்து போய்விடுமோ என்பதுதான் பயம். அதற்கு என்னை மன்னித்துவிடு. ஒரே ஒரு உதவி: முன் வரிசையில் உட்கார். மற்றவர்கள் சொல்வது எனக்குக் காதில் விழாது. உன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

உன் அண்ணன்


ஜூன் 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். அண்ணி கட்டிக் கொடுத்ததை ரயிலிலேயே காலி செய்தேன்.

கூட்டத்தில் நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டு பேசினாய். நான் அழுததைப் பார்த்து எல்லாம் கெட்டுவிட்டது என்று நினைத்திருப்பாய். அதனால் உன் காதில் விழாததை எழுதுகிறேன்.

நீ "எல்லா நாளும் ஆறுன்னு எழுதுனது நான்தான், அது பொய்" என்றதும் உங்கள் இன்ஜினியர், "இதை ஏன் இங்க பேசணும்?" என்று முணுமுணுத்தார். கரண்ட் ஆபீஸ்காரர் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார். பேராசிரியை பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அப்போது கடைமடை அக்கா எழுந்தார். "எங்களுக்குத் தெரியாதா? தண்ணி வந்தாத்தானே ஆறு மணி நேரம். இந்தத் தம்பி வாயால வரட்டும்னுதான் இருந்தோம்."

பிறகு அவர் பையிலிருந்து எடுத்ததை நீயே பார்த்தாய். ஒன்பது வருஷத்துக் காலண்டர்கள். அவருடைய வயலுக்குத் தண்ணீர் வந்த நாளுக்கெல்லாம் ஒரு வட்டம், பக்கத்தில் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு நின்றது. இதை ஏன் இத்தனை நாள் யாரிடமும் காட்டவில்லை என்று பேராசிரியை கேட்டார். "யாரும் கேக்கலையேம்மா. ரெஜிஸ்டர் இருக்குன்னு சொன்னாங்க" என்றார் அக்கா. பத்து வருஷமாக மக்களைக் கூட்டிப் பேசுகிறவர்கள் நாங்கள். எங்களில் ஒருவருக்கும் அதைக் கேட்கத் தோன்றியதில்லை.

என் கல்யாண வாரத்தைத் தேடினேன். வட்டமே இல்லை. அக்கா எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அந்த வாரம் தண்ணி வரல. கல்யாணச் சாப்பாடு வந்துச்சு, உங்கண்ணன் தூக்குல கொண்டாந்து குடுத்தாரு." அதற்குத்தான் அழுதேன்.

நான்கு மணி நேரத் திட்டத்தைக் கைவிட்டாயிற்று. காலண்டர்களை வைத்து முதலிலிருந்து தொடங்குகிறோம். இன்னும் ஒரு வருஷம் ஆகும். என் வேலையும் அந்த ஒரு வருஷம் தள்ளிப் போகும், அவ்வளவுதான். உங்கள் இன்ஜினியர் உன் மேல் விசாரணை வைப்பேன் என்றாரே, அதை நினைத்துத்தான் கவலை. என்ன ஆனாலும் உடனே எழுது. ஆகஸ்டில் வயலை அளக்க வருகிறேன், உன் வீட்டில்தான் தங்குவேன்.

உன் தங்கை


ஆகஸ்ட் 29

அன்புத் தங்கச்சி வாயாடிக்கு,

நீ வந்துவிட்டுப் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று இருக்கிறது. அண்ணி இப்போது நன்றாக நடக்கிறாள். நீ அவளோடு வரப்பில் நடந்ததுதான் மருந்து என்கிறாள். அப்படியென்றால் இத்தனை நாள் தேய்த்த தைலம் எதற்கு என்று கேட்டேன், முறைத்தாள்.

போன வாரம் விசாரணை முடிந்தது. சஸ்பெண்ட் ஆகிப் பதினைந்து நாள் வீட்டில் உட்கார்ந்திருந்தேனே, அதோடு தண்டனை சரியாகிவிட்டது. சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கடைமடை அக்கா உட்பட அந்த ஒன்பது பேரும் போய் எனக்காகப் பேசியிருக்கிறார்கள். தக்காளிக்காரர், "அவரு எங்களுக்கு வேண்டியவரு சார்" என்றாராம்.

இப்போது ஓடியதை ஓடியபடி எழுதுகிறேன். திங்கள், இரண்டு மணி நாற்பது நிமிஷம், காரணம்: கரண்ட் இல்லை. செவ்வாய், மூன்று மணி நேரம், காரணம்: ஆற்றில் தண்ணீர் குறைவு. மெமோ இன்னும் வரவில்லை. வந்தால் உனக்கு அனுப்புகிறேன், ஆராய்ச்சி செய்.

பழைய ரெஜிஸ்டர்களை விசாரணை மேஜையில் அடுக்கி வைத்து, உண்மையான நேரம் நிச்சயமாகத் தெரிந்த நாள் இருந்தால் திருத்திக் கையெழுத்துப் போடு என்றார் அதிகாரி. பதினோரு வருஷத்தையும் புரட்டினேன். எனக்கு நிச்சயமாகத் தெரிந்த நாள் ஒன்றே ஒன்றுதான். அந்தப் பக்கத்தை எடுத்து, ஆறை அடித்துவிட்டு, ஓடவில்லை என்று எழுதினேன். பக்கத்துக் கட்டம் ஏழு வருஷமாகக் காலியாகவே கிடந்தது. அதையும் நிரப்பினேன். அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "இதெல்லாம் ஒரு காரணமாய்யா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி மட்டும் எனக்குத் தெளிவாகக் காதில் விழுந்தது. ஆமாம் சார் என்றேன்.

காரணம்: தங்கச்சிக்குக் கல்யாணம்.

உன் அண்ணன்